வேற்று மக்களின் வாழ்க்கையைப் படமாக்குவது எப்படி: ஆரம்பம் முதல் திரையிடல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றிய இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால், இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி புரிந்துவிடும். ஒன்று 1922இல் ராபர்ட் ஃப்ளாஹர்டி எடுத்த 'நானூக் ஆஃப் தி நார்த்'. மற்றது சகரியாஸ் குனுக் இயக்கி 2001இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த அறிமுகப் படத்துக்கான தங்க கேமரா விருது வாங்கிய 'அதனார்ஜுவாட்'. இரண்டிலும் பனி நிஜம், நாய்வண்டி நிஜம், தோலாடை நிஜம், நடித்தவர்களும் அந்த மக்களே.

ஆனால் முதல் படத்தில் நானூக்காக வருபவரின் பெயர் அல்லகாரியல்லாக். மனைவியாக வருபவர் அவருடைய மனைவி இல்லை. அந்தக் காலத்திலேயே அவர்கள் துப்பாக்கியால் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். இயக்குநருக்கு ஈட்டி வேண்டியிருந்ததால் ஈட்டி எடுத்தார்கள். கிராமஃபோன் தட்டை நானூக் ஆச்சரியத்தோடு கடித்துப் பார்க்கும் காட்சி சொல்லிக்கொடுத்து எடுத்தது. பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று ஒரு பக்கச் சுவரே இல்லாமல் பனிவீடு கட்டி, அந்தக் குளிரில் குடும்பத்தைப் படுக்க வைத்தார்கள்.

ஃப்ளாஹர்டி கெட்ட எண்ணம் கொண்டவர் இல்லை. அந்தப் பகுதியில் பல வருடம் சுற்றியவர், எடுத்த காட்சிகளை அங்கேயே கழுவி அவர்களுக்குப் போட்டும் காட்டியவர். அந்த மக்கள் மேல் அவருக்கு அன்பு இருந்தது, அவர்களோடு பழக்கமும் இருந்தது. அப்படியும் படம் இப்படித்தான் வந்தது. 'இது எங்கள் வாழ்க்கை இல்லை, இதை மாற்றுங்கள்' என்று சொல்லி மாற்ற வைக்கும் இடத்தில் அவர்களில் யாரும் இல்லை. குனுக்கின் படத்தில் அந்த இடத்தில் ஊரே இருந்தது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது இதைத்தான்: இந்த இடத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

படி 1: நாட்டை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

'ஜப்பான் பண்பாடு', 'ஈரான் பண்பாடு' என்று தொடங்கினால் சுற்றுலாச் சுவரொட்டிதான் கிடைக்கும். எந்த ஊர், எந்த வருடம், எந்த மாதம், என்ன வேலை செய்யும் குடும்பம், வீட்டில் யார் மூத்தவர் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மாதம் ஏன் என்று கேட்கலாம். குனுக்கின் ஊரான இக்லூலிக், நுனாவுட் பகுதியில் உள்ள ஒரு தீவு. சுமார் 2,000 பேர் வாழும் ஊர். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. மே நடுவிலிருந்து ஜூலை வரை மறையாது. மனிதர்கள் தூங்கும் நேரம், சாப்பாடு, வேட்டை, கடல்பனி மேல் நடக்க முடியுமா முடியாதா என்பது எல்லாமே அதைப் பொறுத்தது. 'ஆர்க்டிக்கில் ஒரு நாள்' என்று திரைக்கதையில் எழுதியவர், எந்த நாள் என்று கேட்டால் விழிப்பார். எந்த ஊருக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். அறுவடை, மழை, நோன்பு, பள்ளி விடுமுறை, வெளியூர் போனவர்கள் திரும்பும் காலம் எல்லாவற்றையும் போட்டு ஒரு வருட அட்டவணை எழுதிக்கொண்ட பிறகு கதையை அதில் வையுங்கள்.

படி 2: யாரிடம் கேட்க வேண்டும் என்று கண்டுபிடியுங்கள்

அரசு அனுமதிக் கடிதம் வேறு, மக்களின் சம்மதம் வேறு. இரண்டும் வேண்டும்.

இக்லூலிக் மக்கள் 1970களில் தங்கள் ஊருக்குத் தொலைக்காட்சியே வேண்டாம் என்று இரண்டு முறை வாக்களித்து மறுத்தவர்கள். வந்தால் அதில் தங்கள் மொழி இருக்காது என்பது அவர்கள் கவலை. 1980களில் இனுயிட் மக்களே நடத்தும் ஒளிபரப்பு வந்த பிறகுதான் சரி என்றார்கள். குனுக் அந்த ஊரில் வளர்ந்து, மாவுக்கல்லில் சிற்பம் செதுக்கி விற்று, அந்தப் பணத்தில் 1981இல் வீடியோ கேமரா வாங்கியவர். 1990இல் பால் அபாக் அங்கிலிர்க், பவுலூசி குலிதாலிக், நார்மன் கோன் ஆகியோருடன் சேர்ந்து அவர் தொடங்கிய இசுமா என்ற படத்தயாரிப்பு நிறுவனத்தில் பெரும்பங்கு இனுயிட்களுடையது. கோன் நியூயார்க்கிலிருந்து வந்தவர்; அதனார்ஜுவாட்டுக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர்தான். வெளியாள் கேமராவைத் தொடக்கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. முடிவு ஊர்க்காரர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் வெளியாள் என்றால் செய்ய வேண்டியவை இவை. ஊரில் யார் பேச்சு எடுபடுகிறது என்று பாருங்கள். அது ஊராட்சித் தலைவராக இருக்க வேண்டியதில்லை; கதைசொல்லும் பாட்டியாக இருக்கலாம், கோயில் முறைக்காரராக இருக்கலாம். ஒருவரோடு நிறுத்த வேண்டாம், ஆணும் பெண்ணும் இளையவரும் வேண்டும். அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுங்கள், அதைப் பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள். அப்புறம் எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். திரைக்கதை, படப்பிடிப்பு, முதல் வெட்டு (காட்சிகளைத் தொகுத்து உருவாக்கும் முதல் வடிவம்) ஆகிய மூன்று கட்டத்திலும் அவர்கள் கருத்து சொல்வார்கள், எந்தெந்த விஷயத்தில் அவர்கள் சொல்வதே முடிவு என்பது அதில் தெளிவாக இருக்கட்டும்.

பெரிய நிறுவனங்களே இப்போது இதற்கு வந்துவிட்டன. 'ஃப்ரோஸன் 2' படத்துக்காக 2019இல் டிஸ்னி, நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து நாடுகளில் வாழும் சாமி (Sámi) என்ற பூர்வகுடி மக்களின் நாடாளுமன்றங்களோடும் சாமி மன்றத்தோடும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டது. வட சாமி மொழியில் படத்தை வெளியிடுவதும் அதில் ஒரு பகுதி. இதே நிறுவனம் 2013இல் மெக்ஸிகோவின் இறந்தோர் தினப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிய முயன்று, எதிர்ப்பு கிளம்பிய பிறகு விலக்கிக்கொண்டது. அப்போது கடுமையாகக் கேலிச்சித்திரம் வரைந்த லாலோ அல்கராஸை பின்னர் அந்தத் தினத்தைப் பற்றிய 'கோகோ' படத்துக்கு ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டார்கள். உங்களை விமர்சிக்கக்கூடிய ஆளைத் தொடக்கத்திலேயே உள்ளே அழைப்பது நல்லது, செலவும் குறைவு.

படி 3: கதையைச் சேகரிப்பது

அதனார்ஜுவாட் வாய்வழிக் கதை. திரைக்கதை எழுதிய பால் அபாக் அங்கிலிர்க் ஊர் முதியவர்கள் பலரிடம் போய், ஒவ்வொருவரும் சொன்னபடி கதையைப் பதிவு செய்தார். ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு ஒத்துப்போகாது. அந்த வேறுபாடுகளை எல்லாம் வைத்துக்கொண்டு ஒரே கதையாகக் கட்டினார். படம் முடிவதற்கு முன்பே, 1998இல், அவர் இறந்துபோனார். அவர் போட்ட அடித்தளத்தில்தான் படம் நின்றது.

இந்த வேலையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, முரண்பாடுகளை அழிக்காதீர்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், அந்த ஊரில் அதைப் பற்றி இன்னும் பேச்சு ஓடுகிறது என்று அர்த்தம். உயிருள்ள பண்பாடு அப்படித்தான் இருக்கும். இரண்டாவது, பழைய வெளியாள் குறிப்புகளையும் படியுங்கள், ஆனால் ஊராரிடம் காட்டிச் சரிபாருங்கள். 1821 முதல் 1823 வரை இக்லூலிக் பக்கம் வந்த பிரிட்டிஷ் பயணக் குழுவில் இருந்த ஜார்ஜ் லயன் எழுதி வைத்த நாட்குறிப்பு, பழைய உடை, பழக்கவழக்கங்களைத் திரும்ப உருவாக்க இந்தப் படக்குழுவுக்கு உதவியது. வெளியாள் எழுதியது என்பதற்காக அதை அவர்கள் ஒதுக்கவில்லை.

மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது. கதையை மாற்றும் உரிமையும் அந்த மக்களுக்கு உண்டு. பழைய கதையில் நாயகன் எதிரியைக் கொன்று பழிதீர்ப்பான். படத்தில் கொலைச் சங்கிலி அறுக்கப்பட்டு, குற்றவாளிகள் ஊரைவிட்டு அனுப்பப்படுகிறார்கள். இன்றைய தலைமுறைக்கு இதுவே சரி என்று குனுக் அதை மாற்றினார். வெளியிலிருந்து வரும் இயக்குநர் இதே மாற்றத்தைச் செய்திருந்தால் அது பொய். மூதாதையர் கதையைச் சொந்தப் பேரப்பிள்ளைகள் மாற்றிச் சொல்வது அந்தக் கதையின் வழக்கம்.

படி 4: பேச்சு

வசனத்தை உங்கள் மொழியில் எழுதி, கடைசியில் மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள். காட்சிக் குறிப்பை மட்டும் நீங்கள் எழுதுங்கள். அந்த மொழிக்காரர் ஒருவர் அந்தச் சூழ்நிலையில் என்ன பேசுவார் என்று அவரே எழுதட்டும். அதன் பிறகு உங்களுக்குப் புரியும்படி மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். அதனார்ஜுவாட் முழுக்க இனுயிட்களின் இனுக்டிடுட் மொழியில் எழுதி, இயக்கி, நடிக்கப்பட்ட முதல் முழுநீளப் படம். நிதி தரும் அமைப்புகளுக்காக ஆங்கில வடிவமும் தேவைப்பட்டது. ஆனால் நடிகர் வாயில் வந்தது சொந்த மொழி.

அடுத்தது வட்டார வழக்கு. இது நமக்கு உடனே விளங்கும். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய 'தீபன்' படத்தை எடுத்த ஜாக் ஓடியார் பிரெஞ்சுக்காரர். நாயகனாக நடித்த அந்தோனிதாசன் யேசுதாசன், நம் வாசகர்கள் ஷோபாசக்தி என்று அறிந்தவர், ஈழப்போருக்குள் வாழ்ந்து பிரான்ஸில் அகதியானவர். நாயகி காளீஸ்வரி சீனிவாசன் சென்னைக்காரர். பிரெஞ்சுப் பார்வையாளர் காதுக்கு எல்லாமே 'தமிழ்'. நம் காது அப்படிக் கேட்காது. யாழ்ப்பாணத்துப் பேச்சு எது, சென்னைப் பேச்சு எது என்று ஒரே வாக்கியத்தில் பிரித்துவிடும். நீங்கள் படமெடுக்கப்போகும் மொழிக்கும் அப்படி ஒரு காது இருக்கிறது. அந்தக் காது உள்ள ஒருவரை ஒலிப்பதிவுக்காரர் பக்கத்தில், ஹெட்போன் மாட்டி உட்கார வையுங்கள். ஊர்ப்பேச்சு பிசகினால் அந்த டேக் செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள்.

அழைப்பு முறையும் இதில் அடக்கம். யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், யார் முன் யார் பேசக்கூடாது, மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசுவாளா என்பதையெல்லாம் ஒரு தாளில் உறவு வாரியாக எழுதி நடிகர்களிடம் கொடுங்கள்.

படி 5: நடிகர் தேர்வு

ஆஸ்திரேலியாவில் 2006இல் வந்த 'டென் கனூஸ்' படத்தின் கதை இங்கே பொருந்தும். நடிகர் டேவிட் குல்பிலில், 1930களில் டொனால்ட் தாம்ஸன் என்ற மானுடவியலாளர் எடுத்த ஒரு புகைப்படத்தை இயக்குநர் ரோல்ஃப் டி ஹியரிடம் காட்டினார். அராஃபுரா சதுப்பு நிலத்தில் பத்துப் பேர் மரப்பட்டைப் படகுகளில் நிற்கும் படம் அது. அதிலிருந்து பிறந்த திரைப்படத்தில், அந்த ஊரைச் சேர்ந்த பீட்டர் ஜிகிர் உடன் இயக்குநர். அந்தப் பத்துப் பேரின் வேடத்தில் அவர்களுடைய சந்ததியினர் நடிக்க வேண்டும் என்று ஊரார் கேட்டார்கள். கணவன் மனைவியாக நடிப்பவர்கள், யொல்ங்கு என்ற அந்தப் பூர்வகுடி மக்களின் உறவுமுறைப்படி உண்மையிலேயே மணம் செய்யக்கூடிய முறையில் இருந்தாக வேண்டும். திரையில் நடிப்புதானே என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை. இயக்குநருக்குக் கையில் இருந்த தேர்வு மிகவும் சுருங்கியது. படம் அதனால் கெடவில்லை.

ஆகவே நடிப்புத் தேர்வு நடத்தும் முன் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்: யார் யாராக நடிக்கக்கூடாது? இறந்தவராக யாரேனும் நடிக்கலாமா? ஒரு குறிப்பிட்ட குடும்பத்தார் மட்டுமே பாடக்கூடிய பாட்டு, ஆடக்கூடிய ஆட்டம் இருக்கிறதா?

படி 6: உடை, வீடு, கருவி

எல்லோரும் அதிகம் செலவு செய்யும் இடமும், அதிகம் தவறும் இடமும் இதுதான். அருங்காட்சியகத்தில் பார்த்ததை அப்படியே தைத்து மாட்டினால் பொம்மைபோல் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி: இதை யார் செய்கிறார்கள், எந்தப் பருவத்தில், எவ்வளவு நாள் உழைத்து, கிழிந்தால் எப்படி ஒட்டுப்போடுவார்கள்?

இனுயிட் குளிர்காலச் சட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கரிபூ என்னும் பனிமானின் தோல். கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போது வேட்டையாடினால்தான் ரோமத்தின் அடர்த்தி சரியாக இருக்கும். இரண்டு அடுக்கு. உள்சட்டையின் ரோமம் உடம்பைத் தொடும், வெளிச்சட்டையின் ரோமம் வெளியே இருக்கும். நடுவில் காற்று தங்கும். தையல் விலங்கின் தசைநாரால். வீட்டுக்குள் நுழையும்போது படிந்த உறைபனியை அடித்து உதறிவிட்டு வருவார்கள்; இல்லையென்றால் அது உருகித் தோல் நனையும், மறுபடி வெளியே போனால் விறைத்துவிடும். இவ்வளவும் தெரிந்த நடிகர் வாசலில் உடம்பைத் தட்டிக்கொண்டு நுழைவார். இயக்குநர் சொல்லாமலே அந்த அசைவு வரும். தோலாடையை ஊர்ப் பெண்களே தைத்தால் இந்த அறிவும் கூடவே படப்பிடிப்புக்கு வந்துவிடும்.

பனிவீட்டுக்குள் எரியும் குல்லிக் விளக்கும் அப்படித்தான். அரைநிலா வடிவக் கல், சீல் கொழுப்பு, பாசியும் பருத்திப்புல்லும் சேர்ந்த திரி. விளிம்பு நெடுக ஒரு தாழ்ந்த சுடர் வரிசை வர வேண்டும். புகையாமல் அதைத் தட்டிச் சரிசெய்துகொண்டே இருப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. மெழுகுவத்தி மாதிரி ஏற்றிவிட்டுப் போகிற பொருள் இல்லை. அவள் பேசும்போதும் கை அங்கேதான் இருக்கும். அது தெரிந்தால் காட்சியில் யார் எங்கே உட்காருவார் என்பதே மாறிப்போகும்.

சிறு பிழை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒன்று: கிமோனோவில் இடதுபக்கத் துணி வலதுபக்கத்தின் மேலே வர வேண்டும். மாற்றிப் போடுவது சடலத்துக்கு. திருமணக் காட்சியில் அதை மாற்றிவிட்டால் ஜப்பானியப் பார்வையாளர் அதற்கப்புறம் வசனத்தைக் கேட்க மாட்டார். இதைப் பிடிக்க ஆராய்ச்சியாளர் வேண்டாம், செட்டில் ஒரு பாட்டி போதும்.

படி 7: எதைக் காட்டக்கூடாது

சடங்கு, சாமியாட்டம், இழவு, பிறப்பு போன்றவற்றைக் கேட்காமல் எழுதாதீர்கள். ஆஸ்திரேலியாவில் இறந்துபோன பூர்வகுடியினரின் உருவமும் குரலும் வருகிறது என்று படத்தின் தொடக்கத்திலேயே எச்சரிக்கை போடுவது வழக்கம். பல சமூகங்களில் அதைப் பார்ப்பதற்கே கட்டுப்பாடு உண்டு.

சில நாடுகளில் தடையே பொய் சொல்ல வைக்கும். ஈரானில் 1979 புரட்சிக்குப் பின் வந்த விதிகளின்படி, திரையில் நடிகை தலையை மூட வேண்டும்; கதையில் அவள் தன் வீட்டுக்குள் கணவனோடும் பிள்ளைகளோடும் மட்டும் இருந்தாலும் சரி. நிஜத்தில் எந்த வீட்டிலும் அப்படி இருக்க மாட்டார்கள். அப்பாஸ் கியாரோஸ்தமி போன்ற இயக்குநர்கள் வீட்டின் உள்காட்சிகளைத் தவிர்த்துக் காருக்குள்ளும் சாலையிலும் கதையை நகர்த்தியதற்கு இதுவும் ஒரு காரணம். பொய்யாகக் காட்டுவதற்குப் பதில் அந்த அறைக்குள் போகாமலே இருந்தார்கள். உங்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. முழுமையாகக் காட்ட முடியாத ஒன்றைக் கதவுக்கு வெளியே நின்று ஒலியாக மட்டும் கேட்கவிடுங்கள்.

படி 8: படப்பிடிப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். குழு சின்னதாக இருக்கட்டும். ஃப்ளாஹர்டிக்குச் சுவரை எடுக்க வேண்டியிருந்தது. குனுக் குழு டிஜிட்டல் வீடியோவில் எடுத்து அப்புறம் 35 மி.மீ. ஃபிலிமுக்கு மாற்றியது. இன்றைய கேமராக்கள் அதைவிடக் குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்யும். வீட்டை உங்களுக்காக மாற்றச் சொல்லாதீர்கள். தரையில் உட்காரும் வீடு என்றால் கேமராவும் தரைக்கு வரட்டும்.

அட்டவணையில் சும்மா விடப்பட்ட நாட்கள் வேண்டும். வேட்டை, அறுவடை, சாவு, திருவிழா இவற்றுக்காக ஊர் போய்விடும். அந்த நாட்களில் படக்குழு அழைக்கப்பட்டால் கேமராவை வைத்துவிட்டுப் போங்கள். வேலை செய்யும் காட்சிகளை முழு நேரத்தில் எடுங்கள். ரொட்டி சுடுவதற்கு நாற்பது நிமிடம் ஆகுமென்றால் அதை ஒரு முறையாவது வெட்டாமல் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த நடுவில்தான் பேச்சும் சிரிப்பும் வரும்.

படி 9: விளக்காதீர்கள்

'நம் ஊர் வழக்கப்படி, இன்று மூத்த மகன்தான் முதலில் உண்ண வேண்டும் அல்லவா?' என்று எந்தக் குடும்பத்திலும் யாரும் பேசுவதில்லை. திரைக்கதையை எடுத்து, கதாபாத்திரங்கள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லும் இடங்களையெல்லாம் அடித்துவிடுங்கள். அதனார்ஜுவாட்டின் தொடக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று வெளியாளுக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆகும். அதை எளிதாக்க அவர்கள் குரல்விளக்கம் சேர்க்கவில்லை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும் அந்தப் படத்தை உலகம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள்; 2015இல் டொரன்டோ திரைப்பட விழாவின் வாக்கெடுப்பில் கனடாவின் மிகச் சிறந்த படமாக முதலிடம் கிடைத்தது. பார்வையாளரின் பொறுமையைக் குறைத்து எடைபோடத் தேவையில்லை.

திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளிலும் இதே கவனம் வேண்டும். உறவுப் பெயர்களையும் உணவுப் பெயர்களையும் அப்படியே விடுங்கள். இரண்டாம் முறை வரும்போது பார்வையாளரே புரிந்துகொள்வார்.

படி 10: முதலில் ஊருக்குக் காட்டுங்கள்

முதல் வெட்டு தயாரானதும் விழாக்களுக்கு அனுப்பும் முன் ஊரில் போடுங்கள். அதனார்ஜுவாட் கானுக்குப் போகும் முன்பே இக்லூலிக் மக்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். திரையிடும்போது நீங்கள் பார்க்க வேண்டியது திரையை இல்லை, முகங்களை. எங்கே சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிக்கிறார்கள், எங்கே பக்கத்தில் இருப்பவரிடம் குசுகுசுக்கிறார்கள், எங்கே ஒரு பெரியவர் தலையைத் திருப்பிக்கொள்கிறார் என்று நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள்; மரியாதைக்குச் சொல்வது அது. மறுநாள் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள், பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். திருத்துவதற்குப் பணமும் நாட்களும் ஒதுக்கி வைத்திருந்தால் மட்டுமே இந்தத் திரையிடலுக்குப் பொருள் உண்டு. மறுபடியும் எடுக்க ஒன்றிரண்டு நாள் படப்பிடிப்புச் செலவைத் தொடக்கத்திலேயே தனியாக வைத்துவிடுங்கள்.

படி 11: வெளியான பிறகு

பெயர்ப் பட்டியலில் கதை சொன்ன முதியவர், ஆடை தைத்தவர், பேச்சைத் திருத்தியவர் எல்லோர் பெயரும் அவர்கள் விரும்பும் எழுத்திலும் மொழியிலும் வரட்டும். வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று படி 2இன் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பதிவு செய்த நேர்காணல்களும் வெட்டிப்போட்ட காட்சிகளும் ஊருக்குச் சொந்தம் என்று எழுதுங்கள்; பத்து வருடம் கழித்து ஒரு பேத்திக்கு அவளுடைய பாட்டியின் குரல் அதில்தான் இருக்கும்.

பிரதியை அவர்களால் ஓட்டக்கூடிய வடிவில் கொடுங்கள். இணையம் மெதுவாக இருக்கும் ஊருக்கு இணைப்பு மட்டும் அனுப்பினால் அது கொடுத்ததாக ஆகாது. இசுமா 2008இல் பூர்வகுடி மொழிப் படங்களுக்காக ஓர் இணையத் தளம் தொடங்கியது. ஆனால் வடக்கு ஊர்களில் இணைய வேகம் போதவில்லை. அதனால் படங்களைச் சேமித்து வைத்து ஓட்டும் கருவிகளை ஊருக்குள்ளேயே நிறுவினார்கள். உங்கள் படத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், பள்ளிக்கு ஒரு பிரதி, ஊர் நூலகத்துக்கு ஒரு பிரதி என்று கணக்குப் போட்டு, பட்ஜெட்டின் கடைசி வரியில் அந்தத் தொகையை எழுதிவிடுங்கள்.